முன்னறைச் சுவருக்குப் பழைய வீட்டுச் சுவரின் தோற்றம்: எமல்ஷன் மேல் சுண்ணாம்பு நிற்குமா?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் 2011-இல் கட்டிய எங்கள் வீட்டின் முன்னறையில் 14 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள ஒரு சுவரை மட்டும் காலத்தால் தேய்ந்த பழஞ்சுவரைப் போல மாற்ற வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. என் மனத்தில் இருப்பது சிவகங்கைப் பக்கம் அம்மாச்சி வீட்டின் பின்கட்டுச் சுவர். ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடித்து அடித்து, ஏடு ஏடாக ஏறியிருந்த சுண்ணாம்பு ஆங்காங்கே பெயர்ந்து போயிருக்கும். பெயர்ந்த இடத்தின் விளிம்பை உற்றுப் பார்த்தால் ஒரு வெள்ளை, அதன்கீழ் ஒரு வெளிர் நீலம், அதற்கும் கீழே ஒரு மஞ்சள் என்று பழைய ஆண்டுகள் வரிசையாகத் தெரியும். ஆட்டுரலை ஒட்டிய பகுதியில் மட்டும், உட்கார்ந்து மாவாட்டியவர்களின் முதுகு பட்டுப் பட்டு, சுவர் வழவழப்பாகிச் சற்றே கருத்திருக்கும்.

இதைச் சொன்னபோது பெயின்ட் ஒப்பந்தக்காரர் ஒருவர் 'ரஸ்டிக் டெக்ஸ்சர்' என்று ஒரு மாதிரிப் பலகையைக் கொண்டுவந்து காட்டினார். உருளையால் இழுத்த கோடுகள் அதில் இரண்டடிக்கு ஒருமுறை அப்படியே திரும்பி வந்தன; மேலே பூசியிருந்த பளபளப்பு பிளாஸ்டிக் தட்டைத்தான் நினைவூட்டியது. நான் கேட்டது இதுவல்ல என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இப்போதுள்ள சுவர் செங்கல் கட்டு. அதன்மேல் சிமென்ட் பூச்சு, வெள்ளைச் சிமென்ட் பட்டி, பிரைமர், இரண்டு கை எமல்ஷன். மேற்குப் பார்த்த வெளிச்சுவர். தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி உயரம் வரை பெயின்ட் கொப்புளமிட்டு, தடவினால் வெள்ளைப் பொடியாக உப்பு கையில் ஒட்டுகிறது. எனக்குள்ள ஐயங்கள் மூன்று. இந்த எமல்ஷன் மேலேயே சுண்ணாம்பு அடித்தால் நிற்குமா? உதிர்ந்தது போன்ற தோற்றம் வேண்டும், ஆனால் உண்மையில் தூசி உதிரக்கூடாது (மகனுக்கு வீசிங் தொல்லை உண்டு). அதற்கு வழி இருக்கிறதா? மூன்றாவது, இந்த உப்புப் பூத்த பகுதியைச் சுரண்டாமல், அதையே பழைமையின் ஒரு பகுதி என்று விட்டுவிடலாமா?

ரசமட்டம்

உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு விடை தெரியாமல் மற்ற இரண்டிலும் பணத்தை இறக்கக்கூடாது. விட்டுவிடக்கூடாது. அம்மாச்சி வீட்டுச் சுவர் வயதான சுவர்; உங்களுடையது நோயுற்ற சுவர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கலாம், ஆனால் முன்னது பல ஆண்டுகளாக அப்படியே இருக்கும், பின்னது மாதத்துக்கு மாதம் பரவிக்கொண்டே போகும்.

செங்கலிலும் மண்ணிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு ஈரம் சுவருக்குள் ஏறுகிறது. மேற்பரப்பை அடைந்ததும் நீர் ஆவியாகி உப்பு மட்டும் படிகமாகத் தங்குகிறது. காற்றோட்டமுள்ள பூச்சாக இருந்தால் அந்தப் படிகம் வெளியே பூத்து, துடைத்தால் போய்விடும். எமல்ஷன் படலம் வழியை அடைத்துவிடுவதால் படிகம் அதன் முதுகுக்குப் பின்னே வளர்ந்து, பெயின்டையும் பட்டியையும் சேர்த்துத் தள்ளுகிறது. நீங்கள் காணும் கொப்புளம் அதுதான். பலர் இந்த இடத்தில் உட்புறமாக நீர்த்தடுப்புப் பூச்சு ஒன்றை அடித்து மூடுவார்கள். ஒரு மழைக்காலம் தாங்கும், பிறகு அதே ஈரம் பூச்சு முடியும் உயரத்துக்கு மேலே ஏறி நிற்கும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். கொப்புளமுள்ள உயரத்தில் பெயின்டைச் சுரண்டி, ஒன்றரை அடி சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். பிறகு வெளியே போய் அதே இடத்துக்கு நேர் எதிரே பாருங்கள். தோட்ட மண் அடித்தள மட்டத்துக்கு மேலே ஏறியிருக்கிறதா, மழைநீர்க் குழாயின் இணைப்பு கசிகிறதா, சுவரை ஒட்டி பூந்தொட்டி வைத்து நாள்தோறும் நீர் ஊற்றுகிறீர்களா, ஏசி தண்ணீர்க் குழாய் எங்கே சொட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். பத்தில் ஏழெட்டு வீடுகளில் நான் பார்த்த காரணம் இவற்றில் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. பலர் அஞ்சுவதுபோல் அடித்தளத்தையே தோண்ட வேண்டிய நிலை அரிது.

உப்பை நீர் விட்டுக் கழுவ வேண்டாம், அது மீண்டும் கரைந்து சுவருக்குள்ளேயே போகும். உலர்ந்த கடினத் தூரிகையால் தட்டி, கீழே தாள் விரித்துச் சேகரித்து வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

கிளிஞ்சல்

பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையில் சுண்ணாம்போடு பதினைந்து ஆண்டுகளாகப் புழங்கி வருகிறேன். எமல்ஷன் மேல் சுண்ணாம்பு நிற்காது. பெயின்ட் காய்ந்து படலமாக மேலே உட்காரும் பொருள்; சுண்ணாம்பு அப்படியல்ல, அது சுவரின் நுண்துளைகளுக்குள் இறங்கி, காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் கல்லாக மாற வேண்டும். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசில் சுடும்போது வெளியேறிய அதே வாயுதான் சுவரில் திரும்பி வந்து சேருகிறது. எமல்ஷன் மேல் அடித்தால் அதற்கு இறங்க இடமில்லை. காய்ந்ததும் அப்பளம்போல் உரிந்து வரும். ஆகவே பட்டி வரை முழுவதையும் கொத்தி எடுத்தே ஆக வேண்டும். அந்த வேலை நடக்கும் நாட்களில் மகனை உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள், வேலை செய்பவர்களும் முகமூடி போட்டுக்கொள்ளட்டும். சிமென்ட் பூச்சைக் கொத்தும்போது பறக்கும் மணல்தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிவகங்கைப் பக்கத்துப் பழைய வீடுகள் என்றதும் பலர் செட்டிநாட்டுப் பூச்சைக் கேட்டு வருகிறார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பையும் முட்டை வெண்கருவையும் கடுக்காய் நீரையும் சேர்த்து, மேலே கல்லால் தேய்த்து மெருகேற்றும் அந்தப் பூச்சு முகம் பார்க்கும் அளவுக்கு வழவழப்பானது; கரடுமுரடான தோற்றத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அது முன்கட்டின் பெருமை. நீங்கள் நினைவில் வைத்திருப்பது பின்கட்டின் எளிய வெள்ளையடிப்பு. செலவிலும் உழைப்பிலும் அது பல மடங்கு எளிது என்பதால் உங்களுக்கு இது நல்ல செய்திதான்.

பட்டியைக் கொத்திய பிறகு, அடியிலுள்ள சிமென்ட் பூச்சில் நெருக்கமாகப் பொளி (பிடிப்புக்கான சிறு கொத்துகள்) போட்டு, தூசியைத் தட்டிக் கழுவிவிடுங்கள் (உப்பு ஏறிய அந்த அடிப்பகுதியை மட்டும் கழுவாமல் தூரிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அங்கே சிமென்ட் பூச்சையும் செங்கல் தெரியும் வரை எடுத்துவிடுவது நல்லது). நீற்றி நீருக்கடியில் சில வாரமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சலித்த மணல் இரண்டரைப் பங்கு சேர்த்து, மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு கை பூசச் சொல்லுங்கள். இந்திய தர நிர்ணயத்தின் ஐஎஸ் 712 கட்டடச் சுண்ணாம்பை வகைப்படுத்துகிறது. அதில் சி வகை எனப்படும் கொழுத்த சுண்ணாம்பு (தூய்மை மிகுந்தது) மேல்பூச்சுக்கும் வெள்ளையடிக்கவும் உரியது. கொத்தனாரிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும்: மணியாசுக் கட்டையோடு (பூச்சைத் தேய்த்துச் சமன்படுத்தும் மரக்கட்டை) நிறுத்திக்கொள்ள வேண்டும், இரும்புக் கரணையால் மழுப்பக்கூடாது. நல்ல கொத்தனாருக்கு இது கடினம். கை தானாக மட்டம் பிடிக்கப் போகும். நான் வழக்கமாகப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "போதும் அண்ணே, அப்படியே விட்ருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒரு வாரம் காலையும் மாலையும் லேசாக நீர் தெளித்து, மேற்கு வெயில் சன்னல் வழியே நேரடியாகப் படாமல் திரை போட்டு வையுங்கள். சுண்ணாம்பு அவசரமாகக் காய்ந்தால் கல்லாகாது, பொடியாகவே நின்றுவிடும்.

அதன் பிறகே வெள்ளையடிப்பு. ஊறிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். சுவரை நனைத்துவிட்டு நார் மட்டையால் ஒரு கை குறுக்காக, மறு கை நெடுக்காக, நாளைக்கு ஒன்றாக ஐந்து கை. முதல் கை அடித்ததும் ஒன்றுமே அடிக்காததுபோல் இருக்கும், ஈரத்தில் சுண்ணாம்பு கண்ணாடிபோல ஊடுதெரியும். புதியவர்கள் இந்த இடத்தில்தான் பதறிப்போய்க் கலவையைக் கெட்டியாக்கிவிடுகிறார்கள். மறுநாள் காலை பார்த்தால் சுவர் வெளுத்திருக்கும். கெட்டியாக அடித்த இடம் மட்டும் வெடித்திருக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அம்மாச்சி வீட்டில் ஏடு பெயர்ந்தது உண்மையில் வேலையின் குறை: தூசி தட்டாமல், நனைக்காமல், பழைய கையின் மேலேயே கெட்டியாக அடித்த பொங்கல் வெள்ளை அது. அதை அப்படியே செய்தால் தூசியும் அப்படியே வரும். பெயரவிடாமல் தேயவிடுங்கள். முதல் இரண்டு கையில் மஞ்சள் காவி, மூன்றாவதில் வெளிர் நீலம், கடைசி இரண்டும் வெள்ளை என்று மெலிதாக அடித்து, கடைசிக் கை அடித்த மறுநாள், சுண்ணாம்பு முழுதாக இறுகுவதற்குள், நனைத்துப் பிழிந்த சாக்கால் சில இடங்களில் மட்டும் தேய்த்தால் வெள்ளை மெலிந்து நீலமும், இன்னும் அழுத்தினால் மஞ்சளும் எட்டிப் பார்க்கும். விளிம்பு இருக்காது, உதிர ஏதும் இருக்காது. கடைசிக் கையில் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்ப்பது என் வழக்கம். பாலின் புரதம் சுண்ணாம்போடு சேர்ந்து பொடியைப் பிடித்துக்கொள்ளும். ஈரமுள்ள சுவரில் இதைச் செய்தால் பூஞ்சை பிடிக்கும், அதனால் ரசமட்டம் ஐயா சொன்ன வேலை முடியாமல் பாலைத் தொடாதீர்கள்.

கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். வெற்றிலைக்குத் தடவும் அதே பொருள்தானே என்று அலட்சியமாக இருக்கக்கூடாது, கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுத்துவிடும். பட்டுவிட்டால் நிறைய நீரால் தொடர்ந்து கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

வாடகைவீட்டான்

கிளிஞ்சல் அவர்களின் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன், அருமை. ஆனால் சுண்ணாம்புதான் உண்மை, பெயின்டில் செய்வது பொய் என்ற தொனி இத்தகைய பேச்சில் எப்போதும் வந்துவிடுகிறது, அது எனக்கு ஒப்பில்லை. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை மூடுவதற்கு வெகுகாலம் முன்பே பொம்பெயி வீடுகளில் சுதையை வடித்து, வண்ணம் தீட்டி, விலையுயர்ந்த சலவைக்கல் போலக் காட்டியிருக்கிறார்கள். கொத்தவோ இடிக்கவோ உரிமை இல்லாத வாடகை வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வழி வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

உலர்ந்த, உப்பில்லாத எமல்ஷன் சுவரில் நான் செய்தது இது. முதலில் மங்கலான மஞ்சள் காவி நிறத்தில், பளபளப்பே இல்லாத மேட் எமல்ஷன் ஒரு கை. அது நன்றாகக் காய்ந்த பிறகு, தேய்ந்ததுபோல் காட்ட வேண்டிய இடங்களில் மட்டும் சாதாரண மெழுகுவர்த்தியைப் படுக்கைவாட்டில் தேய்த்துவிட்டு, அதன்மேல் சற்று அழுக்கேறிய வெள்ளை ஒரு கை. சில மணி நேரம் கழித்துப் பட்டித் தகட்டால் மெல்லச் சுரண்டினால் மெழுகு இருந்த இடத்தில் மட்டும் வெள்ளை கழன்று வரும். பிறகு உம்பர் எனப்படும் கரும்பழுப்பு நிற எமல்ஷனை மூன்று பங்கு நீர் விட்டுக் கரைத்துத் தூரிகையால் தடவி, உடனே பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தேன். மொத்தம் இரண்டு நாள். மெழுகு மிச்சமிருந்தால் அடுத்த முறை பெயின்ட் ஒட்டாது, எனவே சுரண்டிய பிறகு வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

எதைக் கொண்டு செய்தாலும் எங்கே செய்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முதல் முயற்சியில் நான் சுவர் முழுவதும் சமமாகத் தூவியதுபோல் தேய்மானத்தைப் போட்டேன். அம்மை போட்டதுபோல் இருந்தது. பிறகு எங்கள் தெருவில் உள்ள பழைய வீடுகளைச் சும்மா நின்று பார்த்தேன். சுவர் தன் இடம் அறிந்துதான் தேய்கிறது. சுவிட்சுப் பலகையைச் சுற்றி ஒரு கை அகலம், நடைபாதை திரும்பும் முனையில் இடுப்புயரம், சன்னல் விளிம்பின் இரு மூலைகளுக்குக் கீழே நீர் வழிந்த கோடு, நாற்காலி முதுகு இடிக்கும் இடம், கதவு திறந்து மோதும் இடம். இவற்றுக்கு இடையில் சுவர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. விட்டத்தை ஒட்டிய மேற்பகுதியை யாரும் தொடுவதே இல்லை. அங்கே தேய்மானம் வரைந்தால் உடனே பொய் என்று தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை மட்டும். பழைய வீட்டில் எனாமல் பெயின்ட் அடித்த சுவரையோ கதவையோ உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பெயின்டில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவுக்குக் கட்டுப்படுத்தும் விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது.

கரும்பலகை

நான் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவன். சுவர் வேலை தெரியாது. நீலத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். பொங்கல் வெள்ளையில் கலந்த பொடி நீலத்தில் இருந்தது அல்ட்ராமரைன் என்ற நிறமி. அது காரத்தைத் தாங்கும், அமிலத்தில்தான் கெடும். பிரஷ்யன் நீலம் நேர்மாறானது, சுண்ணாம்பில் போட்டால் சிதைந்து பழுப்பாகிவிடும். கடையில் கேட்கும்போது 'நீலம்' என்று மட்டும் சொல்லாமல் நிறமியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். துணிக்குப் போடும் திரவ நீலத்தை நம்ப வேண்டாம். காவி, மஞ்சள் காவி, உம்பர் ஆகியவை இரும்பு ஆக்சைடைச் சார்ந்த மண் நிறங்கள் என்பதால் சுண்ணாம்பில் அச்சமின்றிக் கலக்கலாம்.

சுண்ணாம்பு கல்லாகிவிட்டதா என்று அறிய காரத்தை நிறமாற்றத்தால் காட்டும் எங்கள் ஆய்வகத்து பினாப்தலீன் கரைசல் போதும். ஒரு மூலையில் சுரண்டி ஒரு சொட்டு விட்டால், இன்னும் மாறாத சுண்ணாம்பு அடர் இளஞ்சிவப்பாகும். மாறிய பகுதியில் நிறம் வராது.

வைகைக்கரை

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், பொறுத்தருள்க. பாலித்தீன் தாளின் சுவர்ப் பக்கம்தான் வியர்த்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தால், மாடி அறை ஏசியின் தண்ணீர்க் குழாய் பாதியில் முறிந்து, சரியாக அந்த இடத்தில் அடிச்சுவரை ஒட்டிச் சொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் செம்பருத்திச் செடி மறைத்திருந்ததால் இத்தனை காலம் எவரும் கவனிக்கவில்லை. செடி மட்டும் அவ்வளவு செழிப்பாக வளர்ந்ததன் காரணம் இப்போதுதான் புரிகிறது. குழாயை மாற்றி, நீரைச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டோம். உப்பைத் தட்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் வாரம் ஒரு கைப்பிடி வந்தது, இந்த வாரம் ஒரு சிட்டிகைதான்.

சுவரைத் தொடுவதற்கு முன் இரண்டடிச் சிமென்ட் பலகையில் கிளிஞ்சல் அவர்கள் சொன்ன முறையில் ஒரு மாதிரி செய்தேன். மஞ்சள் காவி நன்றாக வந்தது. நீலம்தான் கலக்கும்போது பள்ளிச் சீருடைபோல் அடர்த்தியாகத் தெரிந்ததால் பயந்து குறைத்தேன். காய்ந்ததும் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு வெளுத்துவிட்டது. சாக்கால் தேய்த்தபோது வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவே நீலத்தைத் தேடவேண்டியிருந்தது. மூன்று வாரம் கழித்துக் கறுப்புத் துணியால் அழுத்தித் துடைத்ததில், நடுப்பகுதியில் ஒன்றும் ஒட்டவில்லை, ஓரங்களில் மட்டும் மெல்லிய வெள்ளைப் படிவு வந்தது. பெரிய சுவரின் ஓரம் மகனின் அறைக்கு அருகில் வரும் என்பதால் கேட்கிறேன், இது பொடியாகவே நின்றுவிடுமா?

கிளிஞ்சல்

பலகையின் ஓரம் நடுப்பகுதியைவிட விரைவாக உலரும், அதனால் அங்கே சுண்ணாம்பு முழுதாக இறுகவில்லை. கரும்பலகை ஐயா சொன்ன சொட்டை ஓரத்தில் விட்டுப் பாருங்கள். சிவந்தால், இன்னும் மாறக்கூடிய சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். பத்து நாள் காலையில் லேசாக நீர் தெளித்தால் இறுகிவிடும். சிவக்காமல் பொடி மட்டும் ஒட்டினால் தூரிகையால் தட்டிவிட்டு, பால் சேர்த்த மெல்லிய கை ஒன்றை மேலே கொடுங்கள். பெரிய சுவரில் ஓரங்களையும் சன்னல் பக்கத்தையும் கூடுதலாக நனைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது.

நீலத்தைக் கலக்கும் வாளியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு துளியை உலர்ந்த செங்கல் துண்டில் வைத்து வெயிலில் காயவிட்டால் கால்மணி நேரத்தில் ஏறத்தாழ இறுதி நிறம் தெரியும். முதலில் நீங்கள் பயந்த அந்தச் சீருடை அடர்த்திதான் சரியானது. நிறமி மட்டும் காய்ந்த சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, தாண்டினால் பிடிப்புக் குறையும்.

சுவரில் வேலையை இப்போதே தொடங்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் போகட்டும், தை பிறந்த பிறகும் பாலித்தீன் தாள் உலர்ந்தே இருந்தால் கொத்த ஆள் சொல்லுங்கள். இடையில் செய்ய ஒன்று இருக்கிறது. வாடகைவீட்டான் சொன்னதை வைத்து, அந்தச் சுவரில் உங்கள் வீட்டார் உண்மையில் எங்கே சாய்கிறார்கள் என்று பாருங்கள். தரையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பவர்களின் தோள்பட்டை எந்த உயரத்தில் படுகிறது என்று பக்கத்துச் சுவரில் ஒரு டேப்பை ஒட்டிக் குறித்துவையுங்கள். சாக்கைப் போட வேண்டிய இடம் அதுதான்.